வாய்விட்டு ஓதுதல்

வகுப்பிலே மாணாக்கர் செய்யுளை வாய்விட்டுப் படிக்குங்கால் ஓரின்பம் தோன்றுதல் எவரும் அறிந்ததே. அவ்வின்பம் பொருளுணர்ச்சிக்குத் துணையாவதோ, அன்றி மனத்தைச் செவியளவில் நிறுத்திப் பொருளை மறைப்பதோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா புதியதன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871ஆம் ஆண்டிற் பாடங்கேட்கச் சென்ற சாமிநாதையர், மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்று வந்தார். இசையிற் சென்ற மனம் இலக்கண இலக்கியங்களில் ஊன்றாது என்பது பிள்ளையவர்கள் கருத்தாகலின், ஐயர் அப்பயிற்சியை விட்டொழித்தார். ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர், அவர் பாடல்களை இசையோடு படித்தலை விரும்பிக் கேட்டனர். இவையிரண்டும் ஐயர் எழுதிய 'என் சரித்திரம்' கூறுவனவே. ஆசிரியர் அஞ்சியதை ஆதீனத் தலைவர் உவந்தார் எனின், எவர் கருத்துக் கொள்ளத்தக்கது?

பண்டை ஏட்டுச்சுவடியை நோக்குவார்க்கு ஒருண்மை புலனாகும். ஓலையிலே செய்யுள் அடிவேறு சீர்வேறாகப் பிரித்து எழுதப்படுவதில்லை. உரைநடைபோல் ஒருமுனை தொடங்கி மறுமுனைகாறும் தொடர்ந்து செல்லும். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் விளங்காது. ஆதலின் படிப்பவன் நாவே அடியையும் சீரையும் கண்டு காட்டல் வேண்டும். எழுத்தொன்றாய் நின்று பொருள் வேறுபடும் புணர்ச்சிகளை ஓசை வேறுபாடே உணர்த்தும் என்பர் தொல்காப்பியர். செம்பொன்பதின்றொடி என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். செம்பொன் என நிறுத்தினாற் பத்துத் தொடி நிறையுள்ள பொன்னாம். செம்பு என நிறுத்தினால் ஒன்பது தொடிச் செம்பாம். பொன்னோ செம்போ என்பது கண்ணுக்குத் தெரியாது, குரலே தெரிவிக்கும். எனவே ஓசையும் பொருளும் தம்முட் பகையல்ல. செவ்வனே ஓதியவன் பாதி உரையைச் சொல்லி முடித்தவனாகின்றான்.

சித்தாந்த நூல்கள் வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படுத்தும். கண்ணால் மட்டும் படிப்பவனிடத்து எழுத்துக்கள் முறைப்பட உள்ளே நின்றும் வெளிப்படாமையின், அது மத்திமையளவிலே அமையும். பிழைபடினும் திருத்துவார் இலர். வைகரியாய் வெளிப்பட்டவழித் தன் செவியும் பிறர் செவியும் அதற்குச் சான்றாகின்றன. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள் கேட்டலே முதற்கண் வைக்கப்பட்டது. வகுப்பில் ஒருவன் ஓதுவது ஏனையோர் அனைவர்க்கும் கேட்டலாதலின், அவ்வின்பம் பொதுவின்பமாம். இக்காலத் தேர்வுகளிலோ மனப்பாடச் செய்யுளை அடிபிறழாது எழுதினாற் போதும்; அதனை ஓதிக்காட்டுக என்பார் அரியர்.

எனினும் பிள்ளையவர்கள் அச்சம் வெற்றச்சமன்று. குரல்நலம் உடையான் ஒருவன், பொருள் நிற்கவேண்டும் இடத்தில் நில்லாது, தன் குரல் இழைந்தோடும் இடத்தில் நிற்பானாயின், கேட்போர் மகிழ்வது அவன் குரலைக் கேட்டேயன்றிச் செய்யுளைக் கேட்டன்று. அவனும் பாட்டை மறந்து தன்னையே நினைக்கின்றான். யான் எனது என்னும் செருக்கு நுழைவதற்குத் திருப்பதிகமும் ஒரு வாயிலாதல் இரங்கத்தக்கது. அவனினும் பிழையுடையார் நாள்தோறும் அவனையே படிக்கச்செய்யும் ஆசிரியர். இனிய குரல் இல்லாத பிள்ளைகள் தமக்கு ஓதும் உரிமை இல்லை என்றெண்ணி வாய்மூடி வளர்கின்றனர். திருமுறைக்கு வாய் இவ்வாறு குறைகின்றது.

கரகரத்த குரலுடைய சிறுவன் ஒருவன் எழுந்து, நிறுத்தவேண்டும் இடத்தில் நிறுத்தி, எடுக்கவேண்டும் இடத்தில் எடுத்து ஒரு பதிகத்தை ஓதுவானாயின், முதலடியிற் சிரித்த பிள்ளைகளும் மூன்றாமடியில் அடங்கிவிடுவர். அடுத்த பாட்டையும் அவனே படிக்கட்டும் என்று கேட்பர்.