ஆசானின் அங்கியை அணிந்தவன்

சீடன்: சுவாமி, தாங்கள் வாசிக்கச் சொன்ன ஃப்ளாஷ் சித்திரக்கதைகளை வாசித்தேன். அவற்றில் வாலி வெஸ்ட் என்னும் இளைஞனின் செய்கை என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆசானை இழந்த துக்கம் நெஞ்சில் ஆறாதிருக்கும்போதே, அவருடைய செந்நிற அங்கியை எடுத்துத் தரித்து, அவருடைய பெயரையே தன் பெயராகச் சொல்லிக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு எவ்விதம் மனம் துணிந்தது? அது பக்தியா, அபகரிப்பா?

குரு: தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதே, அப்பா. அவனுடைய ஆசானாகிய பாரி ஆலன் என்ற ஃப்ளாஷ் போலீஸ் இலாகாவின் ரசாயன நிபுணர்; ஆய்வுக்கூடத்தில் மின்னல் பாய்ந்து, அலமாரியிலிருந்த ரசாயனங்கள் மேலே சிதறியதால் அதிவேகம் பெற்றவர். இது 1956-ஆம் ஆண்டுக் கதை. பின்னாளில் அவர் மணந்த ஐரிஸின் சகோதரன் மகனே வாலி. 1959-இல் வெளிவந்த கதையில் அதே ஆய்வுக்கூடத்தில் அதே விபத்து அவனுக்கும் நேர்ந்தது. கிட் ஃப்ளாஷ் என்ற பெயரோடு ஆசானின் பின்னே ஓடத் தொடங்கிய அந்தச் சிறுவன், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் வாசகர்களின் கண்முன்னே வளர்ந்தான். பிறகு 1985-இல், மார்வ் உல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த ‘க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ என்ற தொடரின் எட்டாவது இதழில், உலகங்களை அழிக்கவிருந்த பீரங்கி ஒன்றைச் சிதைப்பதற்காக ஓடிய பாரி, தம்முடைய வேகத்துக்கே தம் சரீரத்தை இரையாகக் கொடுத்து மாண்டார். இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு.

சீடன்: எதைச் சொல்லுகிறீர்கள்?

குரு: சரீரம் கிடைக்கவில்லை. வாலியின் கைக்கு வந்தவை வெறும் அங்கியும், அதை மடித்து அடக்கும் மோதிரமுமே. முகம் பார்த்து அழுது, கொள்ளி வைத்து, ஆற்றில் அஸ்தி கரைத்துத் திரும்புகிறவனுக்குக்கூட இறந்தவர் இறந்தார் என்பதை மனம் ஒப்ப எத்தனையோ நாளாகிறது. பிரேதமே இல்லாத சாவில் அந்த ஒப்புதல் எங்கிருந்து வரும்? ஆதலால் அவன் அங்கியை அணிந்த செயலில் பேராசையை நான் காணவில்லை. அங்கிக்குள் யாரோ ஒருவர் இருந்தாக வேண்டும், அது வெறுமையாய்த் தொங்கலாகாது என்னும் தவிப்பையே காண்கிறேன்.

சீடன்: ஆனாலும் பெயர் பாரியுடையதல்லவா?

குரு: பாரிக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? தமக்கு வேகம் சித்தித்தபோது, 1940-இல் தோன்றிய ஜே காரிக் என்ற முதல் ஃப்ளாஷின் கதைப் புத்தகத்தையல்லவா அவர் வாசித்துக்கொண்டிருந்தார்! கண்ணால் காணாத ஒருவரை ஏட்டில் கண்டு குருவாக வரித்து, அவருடைய பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டார் பாரி. அந்த ஜே காரிக்கை அவர் நேரில் சந்தித்ததோ 1961-இல் வந்த கதையில்தான். வழிவழியாக வந்த பெயர் அது. வாலி அதைத் திருடினான் என்றால் பாரியும் திருடியவரே.

சீடன்: என் சந்தேகம் பாதி தீர்ந்தது. மற்றொன்று கேட்கிறேன். அங்கியை அணிந்த பின் அவன் ஏன் அத்தனை மந்தமாகிப்போனான்? பாரி ஒளிக்கு நிகராக ஓடியவர். வாலியோ ஒலியின் வேகத்தைத் தாண்ட இயலாமல் நின்றுவிட்டான்.

குரு: 1987-இல் அவன் பெயரால் தொடங்கிய இதழின் முதற்கதையை நினைவுகூர். எங்கோ ஒருத்தியின் உயிரைக் காக்க வேண்டிய மாற்று இருதயம் ஒன்றைப் பெட்டியில் ஏந்திக்கொண்டு, நியூயார்க்கிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டில் வரை ஓடுகிறான். ஆசானாயிருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கடந்திருக்கக்கூடிய தூரம் இவனுக்கு நெடுவழியாகிறது. பாரி மாண்ட அந்தப் பெரும் போரில் அவன்மீது பாய்ந்த கதிர்வீச்சால் சக்தி குன்றியது என்று கதையே ஒரு காரணம் காட்டிற்று. வாசகர்களும் ஆண்டுக்கணக்கில் அதை நம்பினார்கள். மெய்க்காரணத்தை 1993-இல் மார்க் வெய்ட் எழுதிய ‘தி ரிட்டர்ன் ஆஃப் பாரி ஆலன்’ வெளிப்படுத்திற்று. தடை உடம்பில் இல்லை, உள்ளத்தில் இருந்தது. தான் பாரிக்கு ஈடாகிவிட்டால், பாரியின் ஸ்தானம் நிரம்பிவிடும். நிரம்பிவிட்டால், அவர் இனி வரமாட்டார் என்பதும் நிச்சயமாகிவிடும். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுமில்லை. பிரக்ஞையின் அடியில் கிடந்த இந்தப் பயமே அவன் கால்களைப் பிணித்திருந்தது. துக்கம் கண்ணீராக வெளிப்படும் என்றுதான் நாம் எண்ணுகிறோம். சாமர்த்தியக் குறைவாகவும், அரைமனத்து உழைப்பாகவும், எந்தக் காரியத்திலும் ஒரு படி கீழேயே நின்றுவிடும் வழக்கமாகவும் அது வெளிப்படுவதை இத்தனை நுட்பமாகக் காட்டிய கதைகள் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம்.

சீடன்: அந்தக் கதையில் பாரியே திரும்பி வந்து வாசலில் நிற்கிறாரே! வாலி களிப்படைகிறான். சில நாளில் அவர் கொடியவராக மாறி, தம்மை ஊரார் மறந்துவிட்டார்களென்று சீறி, அவனையே சாவின் பிடியில் விட்டுச் செல்கிறார். பிறகு, வந்தவர் பாரியே அல்லர், அவருடைய ஜன்மவிரோதியான ஈயோபார்ட் தான் அந்த முகத்தோடு வந்தான் என்று தெரிகிறது. இந்தப் பொய்க் குரு கதைக்கு எதற்காக வேண்டும்?

குரு: நானும் முதலில் இதை வெறும் கதைத் தந்திரமாகவே கருதினேன். சற்றே சிந்தித்துப் பார். மாண்டவரை நெஞ்சில் விக்கிரகமாக்கி வைத்திருந்தவன் அந்த முகத்தைக் கண்டதும் கேள்வியின்றிப் பணிந்தான்; அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிடவும் ஆயத்தமாயிருந்தான். அதே முகம் கொலைக்கும் துணிந்தபோதோ, தான் இத்தனை காலமும் போற்றியது முகத்தையா, நடத்தையையா என்று அவன் கேட்டாக வேண்டியதாயிற்று. பாரியின் நடத்தை எதிரே நின்றவனிடம் துளியும் இல்லை; தன்னிடமோ கொஞ்சம் இருந்தது. பாரியின் பெயரை அந்த வேஷதாரி நாசமாக்குவதைப் பொறாமல், பாரி இறந்தே போனார் என்பதை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டு அவன் ஓடிய கணத்தில், தளை அறுந்தது. ஆசானின் வேகம் அவனுக்கு வந்து சேர்ந்தது. பட்டம் கட்டிக்கொண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் பட்டத்துக்கு உரியவனானான்.

சீடன்: ஆனால் சுவாமி, 2008-இல் மெய்யான பாரியே உயிரோடு மீண்டுவிட்டாரே. இருபத்து மூன்று ஆண்டுத் துக்கம் வீணாகவில்லையா?

குரு: அவரை மீட்டது ஆசிரியர்கள் செய்த பிழை என்றே நான் இன்றும் எண்ணுகிறேன், ஒரு நல்ல மரணத்தின் கனத்தை அவர்கள் குறைத்துவிட்டார்கள். ஆயினும் வாலியின் துக்கத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். 1993-இன் பொய்யான வருகையில் உடனே தன் ஸ்தானத்தை விட்டுவிடத் துடித்தவன், இம்முறை ஆசானை ஆரத் தழுவி வரவேற்றதோடு நின்றான். தானும் ஃப்ளாஷாகவே இருந்தான். துக்கப்பட்டுத் தேறியவனுக்கே அப்படி வரவேற்க இயலும்.

சீடன்: 2016-இல் வந்த ‘ரீபர்த்’ கதையில் காட்சி தலைகீழாகிறதே. உலகத்தின் நினைவிலிருந்தே வாலி அழிந்துபோகிறான். காதலித்த லிண்டாவுக்கும் அவனைத் தெரியவில்லை.

குரு: கடைசியில் பாரியிடம் வருகிறான். காப்பாற்றும்படி அவன் கேட்கவில்லை. இது உங்கள் குற்றமில்லை என்று ஆறுதல் சொல்லி, தனக்குக் கிடைத்த வாழ்வுக்காக நன்றி கூறி, விடைபெற மட்டுமே வந்திருக்கிறான். ஆசானுக்குப் பொட்டென்று நினைவு வருகிறது; கரையத் தொடங்கிவிட்ட கையைப் பற்றி உலகத்துக்குள் இழுத்துப் போடுகிறார்.

சீடன்: 1985-இல் பாரி கரைந்தபோது அவருடைய கையைப் பற்ற வாலி அருகில் இல்லை. அந்தக் குறை அவனை விட்டிருக்குமா, சுவாமி?

குரு: விட்டிருக்காது. அந்தக் குறையோடுதான் அவன் அத்தனை ஆண்டுகளும் ஓடினான். மீண்டும் ஓடப்போவதும் அதோடுதான்.