கழுவிய தொட்டியும் காணாமல் போன மெழுகும்

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பிரோரா என்றொரு சிற்றூர். அங்கே வடிக்கப்படும் கிளைன்லீஷ் சிங்கிள் மால்ட்டில் தேன் உண்டு, லேசாகக் கடலுப்பு உண்டு. அதற்குமேல் நாக்கில் படியும் ஒரு மெழுகு வழவழப்பும் உண்டு. அந்த மெழுகுதான் அதன் முத்திரை. ஆனாலும் பெயர் பரவவில்லை. உற்பத்தியில் பெரும்பகுதி ஜானி வாக்கர் கலவைகளுக்குள் கரைந்துவிடுகிறது. சொந்தப் பெயரில் நிலையாகக் கடைக்கு வருவது காட்டுப்பூனை படம் போட்ட 14 ஆண்டுப் புட்டிதான். சத்தமில்லாத இந்த ஆலை, தத்துவக்காரர்கள் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டும் ஒரு கேள்வியைத் தன் முற்றத்திலேயே வைத்திருக்கிறது: எல்லாம் மாறிய பிறகும் ஒன்றை ‘அதுவேதான்’ என்று எதை வைத்துச் சொல்வது?

1819இல் இங்கே ஆலை வைத்தவர் ஸ்டாஃபர்டு பிரபு. பிற்பாடு சதர்லாந்தின் முதல் கோமகன் ஆனவர். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து குடியானவர்களை விரட்டிவிட்டு நிலத்தை ஆட்டு மேய்ச்சலுக்கு விட்ட குடும்பம் அது. கரையோரத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் விளைவித்த பார்லிக்குச் சந்தை வேண்டியிருந்தது, ஆலை வந்தது. விஸ்கியின் பழமையைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமாகவே புரட்டிவிடுவார்கள்.

1960களில் கலவை விஸ்கிக்கு ஏகக் கிராக்கி. உரிமையாளர்களான டிஸ்டில்லர்ஸ் கம்பெனி, பழைய ஆலைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்றை எழுப்பியது. வடிப்பதற்கு ஆறு செம்பு வாலைகள், பழையவற்றின் வடிவத்தைப் பார்த்துச் செய்தவை. தண்ணீர் அதே ஓடையிலிருந்து. 1968இல் பழைய ஆலையை மூடினார்கள். ‘கிளைன்லீஷ்’ என்ற பெயர் புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் மறு ஆண்டே, கலவைகளுக்குத் தேவைப்பட்ட புகைமணம் மிகுந்த மால்ட்டுக்குத் தட்டுப்பாடு வர, பழைய ஆலை மறுபடி திறந்தது. அதற்குத்தான் பெயர் இல்லை! ஊரின் பெயரையே வைத்துப் பிரோரா ஆக்கினார்கள். 1983இல் அதுவும் நின்றுபோனது.

ஏதென்ஸ்காரர்கள் தங்கள் புராண வீரன் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்களாம். எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா என்று கேட்டு வைத்தார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். கழற்றிய பலகைகளைச் சேர்த்து வைத்து ஒருவன் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது அசல் என்று 1655இல் முடிச்சை இறுக்கினார் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். பிரோராவில் நடந்தது இதையும் மிஞ்சியது. பழைய பலகைகள் அப்படியே நின்றன, ஆனால் வேறு சரக்கை ஏற்றின. புதுக்கப்பல் பழைய பெயரையும் பழைய சுவையையும் எடுத்துக்கொண்டு போனது.

அப்படியானால் அசலைச் சுவையில் தேடலாமா? அங்கேதான் மெழுகின் கதை வருகிறது. இரண்டாம் முறை வடிக்கும்போது முதலில் வருவதும் கடைசியில் வருவதும் பீப்பாய்க்கு ஆகாது. நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் தொட்டியில் பிடித்து அடுத்த ஈட்டோடு சேர்த்துக் காய்ச்சுவார்கள். கிளைன்லீஷில் அந்தத் தொட்டிகளின் உட்புறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஆண்டுக்கணக்கில் படிந்திருந்தது. ஒருமுறை தொட்டியைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவினார்கள். விஸ்கியில் மெழுகு போய்விட்டது. கல், செம்பு, ஓடை, செய்முறை என யாரும் பட்டியலிடக்கூடிய எதிலும் அது இருந்திருக்கவில்லை. அழுக்கில் இருந்தது. இப்போது தொட்டியைக் கழுவினாலும் பிசுக்கைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பச் சேர்க்கிறார்கள் என்கிறார்கள்.

மாறாத ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும் என்போருக்கு இது சங்கடமான சாட்சி. அந்தப் பிசுக்கும் மாறாததல்ல. ஒவ்வொரு ஈடும் அதில் கொஞ்சம் விட்டுப்போகிறது, கொஞ்சம் எடுத்துப்போகிறது. மிலிந்த மன்னனின் கேள்விக்கு பௌத்தத் துறவி நாகசேனர் காட்டிய விளக்கு இங்கே பொருந்தும். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல. ஆனால் நாகசேனரின் விளக்கு தானாக எரிந்துகொண்டிருக்கிறது. கிளைன்லீஷிலோ பிசுக்கை வழித்துப் பத்திரப்படுத்த ஒரு கை வேண்டியிருக்கிறது. தற்செயலாகச் சேர்ந்த ஒன்று, இழந்தபின் நோன்பாகிவிட்டது. மடங்களிலும் கோயில்களிலும் தொடர்ச்சி என்று நாம் வணங்குவதில் பாதியாவது இப்படி வந்ததுதான் என்று சந்தேகிக்க இடமுண்டு.

இதற்கிடையே பிரோராவின் பழைய புட்டிகள் ஏலத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகத் தொடங்கின. இன்றைய உரிமையாளரான டியாஜியோ 2021இல் ஆலையை மீண்டும் திறந்தது. பழைய வாலைகள் இரண்டும் அலோவாவில் உள்ள கன்னார் பட்டறைக்குப் போய்ச் செப்பனிட்டு வந்தன. வாலைக்கூடத்தை இடித்து அதே கற்களைக் கொண்டு திரும்பக் கட்டினார்கள். ஹாப்ஸ் இருந்திருந்தால் மூன்றாவதாக ஒரு கப்பலைக் கணக்கில் சேர்த்திருப்பார். கல்லுக்கும் செம்புக்கும் விலை கொடுப்பவர்கள் அந்தப் பக்கம் போகட்டும். மெழுகு வேண்டியவருக்கு எதிரே, பழைய பெயரைச் சுமக்கும் 1960களின் கட்டடத்தில், அதைவிட வெகு மலிவாகவே கிடைக்கிறது.