நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை

1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தா மேட்டிலுள்ள ‘மூன்லைட்’ பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்த அமெரிக்கர் ஒருவர், மற்றவர்கள் பகல் தூக்கத்தில் இருந்தபோது வெளியே நடந்து போனார். சிகரெட்டும் மாத்திரை டப்பாவும் பங்களாவிலேயே கிடந்தன. போலீஸ்காரர்களும் சிப்பாய்களும் தேடினார்கள். காட்டுத்தடம் அறிந்த ஓராங் அஸ்லி மக்கள் தேடினார்கள். போமோக்கள் என்ற மலாய் மந்திரவாதிகள் குறி பார்த்தார்கள். ஹாலந்தில் பிறந்த பீட்டர் ஹர்கோஸ் என்ற குறிசொல்லிகூட வந்து பார்த்தார். ஒரு துணித்துண்டும் அகப்படவில்லை.

அவர் ஜிம் தாம்சன். 61 வயது நிறைந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. உலகப் போர் முடிந்த கையோடு பாங்காக்குக்கு வந்தவர். 1948இல் பட்டு நிறுவனம் தொடங்கி, தாய்லாந்துக் கைத்தறிப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனவர். அவர் எங்கே போனார் என்பதற்குக் கேமரன் மலையில் ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். அந்த விடைகள் இங்கே வேண்டாம். தாய் மக்கள் நடுவே இருபது ஆண்டுகள் குடியிருந்த அந்த மனிதர் தம் வீட்டை எப்படி அமைத்துக்கொண்டார் என்பதில், அதே மலையிலுள்ள கம்போங் ராஜாவின் தேயிலைத் தோட்டத்துத் தமிழரும் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பிழைக்க வந்த இடத்தில் வாழ்கிறவர், அந்த இடத்துத் தெய்வத்துக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்?

பாங்காக்கில் சேன் சேப் கால்வாயின் கரையில், பட்டு நெய்யும் சாம் முஸ்லிம்களின் பான் குருவா குடியிருப்புக்கு எதிரே, ஆறு பழைய தேக்குமர வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே வீடாகச் சேர்த்தார் தாம்சன். 1959இல் சோதிடர் குறித்துக் கொடுத்த நாளில் குடிபுகுந்தார். தோட்டத்து மூலையில் காவல் தெய்வத்துக்கு ஒரு குட்டி வீடும் வைத்தார். தாய்லாந்தில் அதற்கு ‘சான் ப்ரா பூம்’ என்று பெயர்.

ஒற்றைத் தூண்மேல் கண்ணளவு உயரத்தில் கோயில் வடிவில் நிற்கும் அந்தச் சிறுவீட்டைத் தாய்லாந்தில் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. வங்கி வாசலில் இருக்கும், பெட்ரோல் நிலையத்தில் இருக்கும், அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தத்தில் இருக்கும். உள்ளே கையில் வாளுடன் காவல் தெய்வம். சுற்றிலும் யானை, குதிரை, ஆடும் பெண்கள், பணியாள் பொம்மைகள். பெரிய வீட்டின் நிழல் அதன்மேல் விழக்கூடாது. மதியத்துக்கு முன்பே சோறு, பழம், தண்ணீர், பூமாலை, ஊதுவத்தி வைத்துவிட வேண்டும். உறிஞ்சுகுழல் செருகிய சிவப்பு ஃபான்டா பாட்டிலும் இப்போது படையலில் சேர்ந்துவிட்டது. வீட்டை இடித்துப் பெரிதாக்கினால் தெய்வத்தின் வீட்டையும் புதுப்பிக்க வேண்டும். தன் வசதி கூடும்போது நிலத்துக்காரரின் வசதி அப்படியே நின்றுவிடக்கூடாது. நாள் பார்த்து அதை நிறுவிக் கொடுப்பவர் பெரும்பாலும் வெள்ளாடை அணிந்த ‘பிராம்’, அதாவது பிராமணச் சடங்கு மரபில் வந்தவர்.

அந்தத் தெய்வத்தின் பூர்வீகம்தான் தமிழரை நிமிர்ந்து உட்கார வைக்கும். தாய்லாந்தில் வழங்கும் கதையின்படி நிலமெல்லாம் குருங் பாலி என்ற அரசனுக்குச் சொந்தமாக இருந்தது. நாராயணர் பிராமணராக வந்து மூன்றடி மண் கேட்டு அவனை வெளியேற்றினார். பிறகு இரங்கி, மக்கள் வைக்கும் படையலை ஏற்க அவனைத் திரும்ப அனுமதித்தார். கட்டடம் கட்டத் தொடங்கும்போது இன்றும் அவனுக்குப் படைத்து அனுமதி கேட்பார்கள். நாம் அறிந்த மகாபலியேதான்! கேரளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோகும் அரசன், சயாம் தேசத்தில் ஒவ்வொரு வீட்டு மூலையிலும் நிலத்துக்காரராக நிற்கிறான். வெல்லப்பட்டவன், மண்ணை இழந்தவன், அவனிடம்தான் புதிதாக வீடு கட்டுகிறவர் அனுமதி கேட்கிறார். இந்தக் கதைக்குள் இருக்கும் அறவுணர்வு சாதாரணமானதல்ல. பட்டா யார் பெயரில் இருந்தாலும், எனக்கு முன்னால் இங்கே ஒருவர் இருந்தார் என்று ஒப்புக்கொண்ட பிறகே தாய்லாந்துக்காரர் கடைக்கால் போடுகிறார்.

கம்போங் ராஜாவில் இதே வழக்கம் வேறு உருவங்களில் உண்டு. தோட்ட எல்லையில், மரத்தடியில், சூலம் நட்டு முனியாண்டியை நிறுத்தினார்கள் நம்மவர்கள். ஊரிலிருந்து குலதெய்வத்தைக் கொண்டுவர நினைத்தவர்கள் பிடிமண் எடுத்து வந்து கோயில் எழுப்புவார்கள். காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் சீனர்கள் சிவப்புச் சாயம் பூசிய சின்ன மாடத்தில் டத்தோ கோங்கை வைத்து, வெற்றிலை பாக்கும் சுருட்டும் படைத்துச் சாம்பிராணிப் புகை காட்டுகிறார்கள். அந்த டத்தோ மலாய்க்காரர் என்பதால் சீனரின் படையலில் பன்றி இறைச்சி இருக்காது. முதலில் இருந்தவரின் உணவு வழக்கத்தைக்கூட மதிக்கும் நுட்பம் அது. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த மலையில் வாழ்ந்த செமாய் மக்களோ, மிருகங்களைக் கேலி செய்தாலே இடியும் புயலும் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

தமிழரின் பழைய சிந்தனையே தெய்வத்தை நிலத்தோடு சேர்த்துத்தான் பார்த்தது. தொல்காப்பியத்தில் காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன். அப்படியானால் நிலம் மாறுகிறவர் தெய்வத்தையும் மாற்ற வேண்டுமா? மலையேறி வந்த தோட்டத் தமிழர் பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். மலைநிலத்தில் மலைத்தெய்வம், இடறலே இல்லை. ஆனால் பாங்காக்கில் அடுக்குமாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இடறல் உண்டு. முற்றத்தில் ஏற்கெனவே ஒரு காவல் தெய்வம் இருக்கிறது. சைவக் குடும்பம் அதற்கு விளக்கேற்றலாமா? இறைச்சி படைக்கும் அண்டை வீட்டாருக்கு நடுவே என்ன செய்வது? மாணிக்கக் கல் வணிகத்துக்காகக் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் போன தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்குக் கேள்வி இன்னும் கடினம். அல்லாவைத் தவிர வேறெதையும் வணங்க அவர்களின் மார்க்கம் இடம் தராது.

வழிபாட்டுக்கும் மரியாதைக்கும் நடுவே கோடு போட முடியும் என்பதுதான் இந்த இக்கட்டுக்கு நேர்மையான விடை. விளக்கேற்றாதவர், இடித்துத் தள்ளாமலும் குப்பைத்தொட்டியை அதன் அருகே வைக்காமலும் இருக்கலாம். வீட்டுக்காரரோ காவலாளியோ வந்து பூ வைக்க வழி விடலாம். அவர் வணங்காத தெய்வம்தான், ஆனால் அதை வணங்கும் மனிதர் அவருடைய அண்டை வீட்டார். இந்தப் பிரிவினை கோழைத்தனமான சமரசம் என்று தோன்றக்கூடும். அப்படியல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவது, புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டாமல் உட்காருவது, குழந்தையின் தலையைத் தொடாமல் இருப்பது எல்லாம் எந்தக் கடவுளையும் மறுக்காமல் செய்யக்கூடியவை.

பௌத்தம் பேசும் நாட்டில் ஆவிக்கு வீடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பாலி மொழிப் பௌத்த நூல்கள் இதற்கு இடம் வைத்திருக்கின்றன. பின்னாளில் பாடலிபுத்திரமான ஊரின் மனைகளில் தேவர்கள் குடியிருப்பதைப் புத்தர் கண்டதாக மகாபரிநிர்வாண சூத்திரம் சொல்கிறது. அறிவுள்ளவர் எங்கே குடியேறினாலும் நல்லோருக்கு உணவளித்து, அந்தப் புண்ணியத்தை அவ்விடத்துத் தேவர்களுக்குச் சேர்க்க வேண்டும் என்று அங்கே அவர் போதிக்கிறார். மைத்ரி சூத்திரத்துக்கு உரைகாரர்கள் கூறும் பின்னணியோ இன்னும் அழகானது. மழைக்காலத்தில் காட்டுக்குப் போன துறவிகளை, தம் இடம் பறிபோனதே என்று மரத்தேவதைகள் பயமுறுத்தின. ஓடிவந்த துறவிகளைப் புத்தர் அதே காட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அந்தத் தேவதைகளிடம் அன்பு செலுத்தும்படி சொல்லி அனுப்பினார்.

இந்த இரண்டு போதனைகளையும் வைத்துப் பார்த்தால், படையல் எங்கே வழுக்குகிறது என்பது தெரியும். பாங்காக்கில் எராவான் ஓட்டல் கட்டியபோது விபத்துகள் தொடர்ந்தன. சோதிடரின் யோசனைப்படி 1956 நவம்பரில் அங்கே நான்முக பிரம்மாவை நிறுவினார்கள். மலேசியத் தமிழரும் சீனரும் வரிசையில் நின்று வேண்டுதல் வைக்கும் இடம் இப்போது அது. 2006இல் மனநிலை பிறழ்ந்த ஒருவர் அந்தச் சிலையைச் சுத்தியலால் உடைத்தார். அங்கிருந்தவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். காரியம் கைகூட வேண்டும் என்று கும்பிடும் இடத்தில், ஒரு நோயாளியின் உயிர் சிலையைவிட மலிவாகிப்போனது. தெய்வத்தைப் பெரிதாக்கி மனிதரைச் சிறிதாக்கும் எந்தப் பக்தியும் காவலைக் கேட்கும் தகுதியை இழக்கிறது.

தாம்சனின் வீட்டிலும் ஒரு முரண் இருந்தது. தோட்டத்தில் காவல் தெய்வத்துக்கு வீடு வைத்தவரின் சேகரிப்பில், சி தேப் பகுதிக் குகை ஒன்றிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட சுண்ணக்கல் சிற்பத் தலைகள் இருந்தன. 1962இல் தாய்லாந்தின் நுண்கலைத் துறை அவற்றை எடுத்துக்கொண்டது. மனம் புண்பட்ட தாம்சன், வீட்டையும் சேகரிப்பையும் சயாம் சங்கத்துக்கு விட்டிருந்த உயிலை மாற்றி எழுதினார். தாம் வாங்கியிராவிட்டால் அவை சிதறிப் போயிருக்கும் என்பது அவர் பக்க நியாயம்; பொய்யென்று தள்ள முடியாது. ஆனாலும் நிலத்துக்காரருக்குப் பூவும் பழமும் வைக்கிற கை, நிலத்தின் தலைகளைத் தன் கூடத்தில் வைத்துக்கொள்ளலாமா? தாய்லாந்து போய்வரும் நம் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நுண்கலைத் துறையின் அனுமதியில்லாமல் புத்தர் சிலையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கடைக்காரர் பொட்டலம் கட்டித் தந்துவிட்டார் என்பது அனுமதி ஆகாது.

தாய்லாந்துப் பயணம் என்றால் கம்போங் ராஜாக்காரர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி, ஈப்போ வழியாக நெடுஞ்சாலை பிடித்து, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை தாண்டி ஹாட்யாய் போவது. புறப்படும்போது சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முனியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். எல்லைக்கு அப்பால் ஏறும் வேனில் கண்ணாடிக்குக் கீழே பூமாலை தொங்கும். அது மே யா நாங்குக்கு. படகின் முகப்பில் குடியிருந்த பெண் தெய்வம், காலம் மாறி மோட்டார் வண்டிக்கும் வந்துவிட்டாள். ஓட்டுநர் வழியோரக் கோயிலைக் கண்டதும் ஆரன் அடித்துக் கைகூப்புவார். நம் ஆட்களும் தன்னிச்சையாகக் கும்பிட்டுவிடுகிறார்கள். பாங்காக்கின் சிலோமிலுள்ள மாரியம்மன் கோயிலில் இதன் மறுபாதி நடக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய அந்தக் கோயிலின் விஜயதசமி ஊர்வலத்துக்கு, தெருநெடுகச் செவ்வந்திப் பூவால் மேடை அலங்கரித்துக் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தாய் மக்கள். வந்தவர்களின் அம்மனை அந்த ஊர் தன் அம்மனாக எடுத்துக்கொண்டது.

ஆனால் அந்த மண்ணில் எல்லாத் தமிழருக்கும் கோயிலும் வரவேற்பும் கிடைக்கவில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவும் பட்டினியும் அடியும் தின்றவர் போக மிச்சம் பேர் திரும்பினார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. ஆசியத் தொழிலாளருக்கு அப்படியொரு மயானம் இல்லை. அவர்களில் இறந்தவர் எத்தனை பேர் என்ற சரியான கணக்கும் இல்லை. வாய்க்கரிசி இல்லை, கொள்ளி இல்லை, கருமாதி இல்லை. முன்னால் இருந்தவரை மதிக்க வேண்டும் என்ற நீதி, தாய்லாந்து மண்ணுக்கடியில் கிடக்கும் இவர்களுக்கும் சேர வேண்டியது. 2023இல் மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் முயன்று, காஞ்சனபுரியின் தாவோர்ன் வராராம் விகாரையில் அவர்களுக்கு நடுகல் நிறுத்தினார்கள். இடம் கொடுத்தது ஒரு பௌத்த விகாரை.

இறந்த நாள் தெரியாதவருக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது நம் வழக்கம். தென் தாய்லாந்தில் பத்தாம் பிறைமாதத்துத் தேய்பிறை முடிவில் முன்னோருக்குப் படைக்கும் சாட் விழா பெரும்பாலும் அதே நாளில் வரும். 2023இல் இரண்டும் அக்டோபர் 14ஆம் தேதி வந்தன. விகாரை முற்றத்தில் பலகை மேடை கட்டிச் சோறும் பலகாரமும் காசும் வைக்கிறார்கள். தம் வீட்டுப் பெரியவர்களுக்கு வைத்த பிறகு, உறவென்று சொல்ல யாருமில்லாத ஆவிகளுக்கென்றும் அந்த மேடையில் ஒரு பங்கு உண்டு.