பெயரிடாத ஒரு மணி நேரம்

தனியே பயணம் செய்பவர் யாரையும் கேளாமல் வழியை மாற்றிக்கொள்ளலாம். படுக்கையும் அடுப்பும் கொண்ட கேரவன் வண்டியும் வாய்த்துவிட்டால், விடுதிக்கும் உணவு வேளைக்கும்கூடக் கட்டுப்பட வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மனம் விரும்பினால் ஏலகிரி மலைக்குத் திரும்பலாம். பட்டறிவு உடையோர் இரவு தங்குமிடத்தையும் திரும்பும் நாளையும் மட்டும் உறுதிசெய்துகொண்டு, இடைப்பட்ட பொழுதைத் திறந்தே வைப்பர். இது பயண அறிவு. ஆனால் இங்கே ஒரு வினா எழுகிறது: திறந்து வைத்த அந்தப் பொழுது யாருக்கு உரியது?

அதே சாலையில் விடியற்காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளைக் காண்கிறோம். வேலை தொடங்கும் நேரம் அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. வழியை மாற்றும் உரிமையும் அவர்களுக்கில்லை. எனவே, நினைத்தபடி நின்று செல்வது வெறும் மனப்பாங்கு அன்று. அது ஒரு செல்வம். பகிரும் கடமை இல்லாத செல்வம் ஏது?

1900-ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், பின்னாளில் வாரந்தோறும் குடியாத்தம் சென்று வந்தார். சேரும் ஊர் ஒன்றே. வழியில் நிற்க வேண்டிய இடங்களையோ மரத்தடிகளில் காத்திருந்த நோயாளிகள் தீர்மானித்தனர். நாளடைவில் அந்நிறுத்தங்களே முறையான சாலையோர மருந்தகங்களாயின. பயணத்திற்குத் தடையாகத் தோன்றியதே பணியின் வடிவமாயிற்று.

அவர் மருத்துவர், உதவியாளர்களும் உடனிருந்தனர். தனித்துச் செல்பவர் எல்லாருக்காகவும் நிற்க இயலுமா? அது ஆபத்தன்றோ? நியாயமான தயக்கமே. லூக்கா நற்செய்தி காட்டும் சமாரியரும் கள்வர் நடமாடிய சாலையில்தான் சென்றார். காயமுற்றவரைச் சாவடியில் சேர்த்தார். மறுநாள் இரு தெனாரியம் கொடுத்து, மிகுதியைத் திரும்பி வருகையில் தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். தம் பயணத்தை அவர் கைவிடவில்லை. சுமையைச் சாவடிப் பொறுப்பாளரோடு பகிர்ந்துகொண்டு, திரும்பும் வழியையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டார். இன்று 108-ஐ அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகிலிருப்பதும் இத்தகைய உதவியே. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோரை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 'நல்ல சமாரியர்' என்ற பெயராலேயே பாதுகாக்கிறது. வழக்கு வருமே என்னும் அச்சத்திற்கு இனி இடமில்லை.

நம் பயணத் திட்டங்களில் அழகிய காட்சிக்காகவும் சுவையான உணவுக்காகவும் நேரம் ஒதுக்குகிறோம், அதில் தவறில்லை. அவற்றோடு, நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தையேனும் எதற்கென்று பெயரிடாமல் விட்டு வைப்போம். எவரும் அதனைக் கேளாத நாளில் ஏலகிரிக்குத் திரும்பலாம். கேட்கும் நாளில், மலை அங்கேயேதான் இருக்கும்.