சிமிட்டும் விளக்கு

திண்டிவனம் தாண்டியதும் வண்டிக்குக் குளிர்ஜுரம் வந்த மாதிரி ஒரு நடுக்கம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வேகம் ஏறவில்லை. விக்கி விக்கி ஓடியது. ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஏழு பேர் உட்காரும் பழைய பெட்ரோல் எஸ்யூவி. உள்ளே ஏழு பேரும் இருந்தோம். ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் முகூர்த்தம்.

‘‘அதான் ஓடுதே... மெதுவா போயிடலாம் மாப்ளே’’ என்றார் மச்சினர். போனோம். தாலி கட்டுவதைப் பார்த்தோம். சாப்பாடு பிரமாதம்.

அந்த விளக்குக்கு இரண்டு பாஷை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அசையாமல் எரிந்தால், ‘சீக்கிரம் ஒருநாள் என்னை மெக்கானிக்கிடம் காட்டு’. சிமிட்டினால், ‘இப்போதே ஓரங்கட்டு’. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒரு ஆசாமி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய, தேன்கூடு மாதிரியான பீங்கான். புகையின் விஷத்தைக் குறைப்பது அவர் வேலை. பெட்ரோல் அவருக்குள் போய் எரிந்தால் சூடு எகிறி, பீங்கான் உருகிவிடும். தப்பு ஒருத்தன் செய்ய, அடி வாங்குவது இன்னொருத்தன்.

மறுநாள் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பி-0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர். உடனே எதையும் மாற்றச் சொல்லவில்லை, புண்ணியவான். இரண்டாவதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு வண்டியை ஓட்டினார். இப்போது பி-0303!

‘‘வியாதி காயிலோடயே நடந்து போயிடுச்சு பாருங்க சார்.’’

வியாதி நகராமல் அங்கேயே இருந்திருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகத் தேடியிருப்பாராம். புதுக் காயில் போட்டதும் இன்ஜின் அமைதியாகிவிட்டது. அப்புறம் வண்டிக்கு அடியில் போய்த் தட்டிப் பார்த்தார்.

‘‘கன்வெர்ட்டர் உள்ளே கலகலங்குது. இப்போதைக்கு ஓடும். மாத்தணும்னா பெரிய காசு.’’

என் சங்கடம் இங்கேதான் ஆரம்பம். வண்டியை விற்க ஏற்கெனவே பேசி முடித்திருந்தேன். வாங்குபவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ‘‘விளக்கு எரியாது சார். அவர் கேட்டா சொல்லுங்க, கேக்கலேன்னா எதுக்கு?’’ என்றார் மெக்கானிக்.

கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யா?

ரொம்பப் பழைய கேள்வி இது. கி.மு. 44-ல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய ‘கடமைகள்’ நூலில் இதற்காக ஒரு பட்டிமன்றமே இருக்கிறது. ஒருவன் வீடு விற்கிறான். படுக்கையறைகளில் பாம்பு வருகிறது, மரமெல்லாம் உளுத்துப் போயிருக்கிறது. அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார் ஆன்டிபேட்டர். அவருடைய குரு டயோஜெனிஸ் (தொட்டிக்குள் குடியிருந்தவர் இல்லை, பாபிலோன்காரர்), பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். சிசரோ சிஷ்யன் பக்கம். வாங்குகிறவனுக்குத் தெரியவேண்டிய ஒன்றை, உன் லாபத்துக்காக அவனுக்குத் தெரியாமல் வைத்திருந்தால் அதற்குப் பெயர்தான் மறைப்பது என்கிறார்.

எனக்கு இரண்டு நாள் டயோஜெனிஸைத்தான் பிடித்திருந்தது. கன்வெர்ட்டர் விலையை விசாரித்த பிறகு இன்னும் அதிகமாக.

ஆனால், அந்த ஸ்கேனர் உறுத்தியது. காயிலை மாற்றிப் போட்டுக் கோடை அழித்தது உண்மையைக் கண்டுபிடிக்க. அதே பட்டன், விற்கும்போது எனக்குத் திரைச்சீலை. வேடிக்கை என்னவென்றால், வண்டியின் கம்ப்யூட்டர் இதில் நம்மைவிட யோக்கியம். கோடை அழித்தால் அது ‘எல்லாம் நலம்’ என்று சொல்வதில்லை. ‘இன்னும் சோதிக்கவில்லை’ என்றுதான் குறித்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் புகை சோதனைக்குப் போகிறவர்கள் இப்படி அழித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்வது இதனால்தான். நம் வாத்தியாரிடம் ஸ்கேனர் கிடையாது. அவர் பார்க்கப்போவது விளக்கை மட்டும்.

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வாடகைக்கு ஒரு கீழ்த்தள வீடு பார்த்தோம். சுவரெல்லாம் புத்தம்புது பெயின்ட். ‘‘எவ்ளோ சுத்தமா வச்சிருக்காங்க!’’ என்று நான்தான் மெச்சினேன். தண்ணீர் வந்ததா என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது நான் அவரைத் திட்டிய திட்டு டயோஜெனிஸ் காதில் விழுந்திருக்காது.

அதை மனைவிதான் ஞாபகப்படுத்தினாள். வாத்தியாருக்கு போன் போட்டேன். விழுப்புரம் கல்யாணம், சிமிட்டல், கலகல சத்தம், எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

‘‘வேற ஏதாவது இருக்கா சார்?’’

பின்பக்க வைப்பர் வேலை செய்யாது என்றேன்.

மறுநாள் அவருடைய மெக்கானிக்கோடு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டார். கன்வெர்ட்டர் காசை முழுசாகக் குறைத்தார். வைப்பருக்குத் தனியாக ஐந்நூறு ரூபாய்.