அச்சத்துக்கு ஆர்வம் என்று பெயர்

எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வேறு அவருக்கு. 2023 அக்டோபரிலேயே இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்களிடம் 70 மணி நேரம் கேட்டிருந்தார். கேலியும் கோபமும் மீம்ஸும் வந்து போயின. கேள்வி மட்டும் நிற்கிறது: சிலர் ஏன் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள்? ஆர்வத்தால் என்பார்கள் மேலே இருப்பவர்கள். பெரும்பாலும் அச்சத்தால் என்பதே உண்மை. அச்சத்துக்கு ஆர்வம் என்று பெயர் சூட்டி லாபம் பார்ப்பது அறமாகாது.

சான்றுக்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் வரை போகலாம். ஹாலிவுட்டைப் பார்த்து ‘டாலிவுட்’ என்ற பெயர் 1932இலேயே ஒட்டிக்கொண்ட ஊர் அது. கோலிவுட்டெல்லாம் பிறகு வந்தது. இன்று அங்குள்ள ஸ்டூடியோக்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் தினத்தொடர்கள். தினத்தொடர் நாள் தவறாமல் தீனி கேட்கும் பிராணி. கையிருப்பில் நாலு எபிசோடு இல்லையென்றால் தயாரிப்பாளருக்குத் தூக்கம் வராது. செட் வாடகையும் லைட் வாடகையும் நாள் கணக்கில் ஏறுவதால், ஒரு நாளை இழுத்து ஒன்றரை நாளாக்குவதில்தான் லாபம். முடியாது என்று சொல்லும் நடிகையின் பாத்திரம் திடீரென்று வெளியூர் போய்விடும். இல்லையென்றால் விபத்தில் செத்துவிடும். லைட்மேனுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது. மறுநாள் அழைப்பு வராது, அவ்வளவுதான்.

செட்டின் கூடத்துச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கும். காட்சிக்குத் தக்கபடி அதன் முள்ளைத் திருப்பிவைப்பார்கள். வெளியே கடைசி மெட்ரோ போயிருக்கும். செட்டுக்குள் காலை பத்து மணி. மாமியார் அன்றைய முதல் காப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

2018 ஆகஸ்ட் 18 முதல் இந்தப் பிராணிக்குத் தீனி நின்றது. சம்பள பாக்கியைத் தர வேண்டும், பத்து மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் ஊதியம் வேண்டும் என்று நடிகர்கள் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். சேனல்கள் பழைய எபிசோடுகளைத் திரும்ப ஓட்டின. 23ஆம் தேதி முதல்வர் மம்தா பானர்ஜி இரு தரப்பையும் கூட்டிப் பேசிய பிறகே சிக்கல் தீர்ந்தது. ஆர்வத்தால் உழைத்தவர்களாக இருந்தால் இத்தனை பேர் ஒரே நாளில் கையைக் கட்டி நின்றிருப்பார்களா?

“யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, விரும்பித்தானே செய்கிறார்கள்” என்ற வாதம் எப்போதும் தயாராக இருக்கும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோதும், தொழிலாளி விரும்பினால் மட்டுமே என்றுதான் சமாதானம் சொல்லப்பட்டது. எதிர்ப்பு வலுக்கவே, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு. இந்த ‘விருப்ப’த்தின் லட்சணத்தை வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்தில் முன்பே சொல்லிவிட்டார். ஆளும் கோலைக் கையில் வைத்திருப்பவன் கேட்கும் கொடை, வேலோடு வழிமறிக்கும் கள்வன் கேட்பதற்குச் சமம். வேலையும் சம்பளமும் ஒருவன் கையில் இருக்க, அவன் கேட்கும் கூடுதல் மணி நேரம் மட்டும் வேண்டுகோளாகிவிடுமா?

உடம்புக்கும் ஒரு கணக்குண்டு. வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலியைப் பற்றி வள்ளுவர் சொன்னது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அளவு கடந்தால் இறகும் வண்டியின் அச்சை முறிக்கும். ஓவர்டைம் என்பதும் இறகுதான். இன்றைக்கு ஒரு மணி, நாளைக்கு ஒரு மணி. வாரம் 55 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்ததால் 2016இல் மட்டும் உலகில் 7,45,000 பேர் பக்கவாதத்திலும் இதயநோயிலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கணக்கிட்டன. அளவோடு உண்டு, அளவோடு உழைத்து, அளவோடு உறங்குபவனுக்கே யோகம் கைகூடும் என்கிறது கீதையும்.

முதலாளிக்கும் அறிவுரை உண்டு. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கித் தந்தால் சின்ன வயலும் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதே அதிகம். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன இந்தப் புறநானூற்றுப் பாடம் அரசன் வாங்கும் வரிக்கு மட்டுமல்ல, வேலை நேரத்துக்கும் பொருந்தும். நக்கீரரோ இன்னும் ஒரு படி மேலே போனார். உலகாளும் வேந்தனும், இரவு பகல் தூங்காமல் விலங்கைத் துரத்தும் வேடனும் உண்பது நாழி அளவுதான் என்றார். 90 மணி நேரம் கேட்பவர்கள் தங்கள் நாழியை ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. செயலில் கண்ணாக இருப்பவர் பசியும் தூக்கமும் பார்க்கமாட்டார் என்று நீதிநெறி விளக்கத்தில் குமரகுருபரர் புகழ்ந்தார். ஆள்வினையுடைமைக்கு வள்ளுவரே தனி அதிகாரம் வைத்தார். ஆனால் அவை தன் கருமத்தைத் தானே ஏற்றவனுக்குச் சொன்னவை. அடுத்தவன் தூக்கத்தைப் பறிக்க அங்கே அனுமதி இல்லை.

டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு இன்று மகாநாயக் உத்தம் குமார் என்று பெயர். 1980 ஜூலையில் ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து, 24ஆம் தேதி 53 வயதில் மறைந்த நடிகர் அவர். கடைசிவரை கேமரா முன் நின்றவர் என்று அதையும் பெருமையாகவே சொல்கிறோம். நட்சத்திரத்துக்கு நிற்பதும் போவதும் ஓரளவு தன் விருப்பம். அதே நிலையத்தில் இறங்கி ஸ்டூடியோவுக்கு நடக்கும் லைட்மேனிடம் அந்தப் பெருமையை எதிர்பார்ப்பது பாவம். நேரத்துக்கு அவனை வீட்டுக்கு அனுப்புங்கள். மிஞ்சி நின்ற நேரத்துக்கு, 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அன்றே வகுத்திருந்தபடி இரட்டைக் கூலி கொடுங்கள். செட்டுச் சுவரில் தொங்கும் கடிகாரத்தை யாரும் திருப்பிவைக்கலாம். அவன் உடம்புக்குள் ஓடுவதைத் திருப்பிவைக்க ஆளில்லை.