ஒவ்வாத அரசனுக்கும் உரிய கனம்

ஆளுகிறவரின் கொள்கையும் நடத்தையும் ஒவ்வாதபோதும் அவருக்குக் கனம் செலுத்த வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டின் போதனை. பேதுருவின் முதல் நிருபம் 2:17 இதை மிகச் சுருக்கமாகச் சொல்கிறது. எல்லா மனிதருக்கும் உரிய அதே கனத்தைத்தான் அந்த வசனம் அரசனுக்கும் கேட்கிறது. பயத்தையோ தேவனுக்கு மட்டும் ஒதுக்கிவைக்கிறது. அரசன் அங்கே மனிதர் வரிசையில் நிற்கிறான்; அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

நல்ல அரசர்களை மனதில் வைத்து எழுதிய போதனை அல்ல இது. பவுல் ரோமருக்கு நிருபம் எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல், நீரோவின் ஆட்சியில். நீரோவின் கொடுமை அப்போது முழுதாக வெளிப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முந்தைய பேரரசர் கிலவுதியு யூதர்களை ரோமிலிருந்து துரத்தியிருந்தார். அப்படித் துரத்தப்பட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அதே நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தில் வாழ்த்துப் பெறுகிறார்கள். அரசாணையால் வீடிழந்தவர்களும் கேட்கும்படி வாசிக்கப்பட்ட நிருபத்தில்தான், வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியும் கனத்துக்குரியவனுக்குக் கனமும் கடனாகச் சொல்லப்படுகின்றன.

இந்தக் கனம் எப்படி இருக்கும் என்பதற்குப் பழைய ஏற்பாட்டில் தாவீதின் வரலாறு சிறந்த சான்று. அரசன் சவுல் 3,000 பேருடன் தாவீதைக் கொல்லத் தேடி வருகிறான். எங்கேதியின் குகையில் அவன் தனியாகக் கைக்கெட்டும் தூரத்தில் அகப்படுகிறான். தாவீது அவனுடைய சால்வையின் ஓரத்தை மட்டும் அறுக்கிறான். அதற்கும் அவன் மனம் அவனை வாதிக்கிறது. கதை இங்கே முடிந்துவிடுவதாகப் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. தாவீது குகைக்கு வெளியே வந்து, தரைமட்டும் குனிந்து வணங்கி, அரசனே என்றும் தகப்பனே என்றும் அழைத்து, தனக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தை உரக்க எடுத்துரைக்கிறான். கர்த்தரே நடுநின்று நியாயம் தீர்க்கட்டும் என்கிறான். வணக்கத்தையும் குற்றச்சாட்டையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொல்கிறது.

பவுலின் வாழ்விலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் 23இல் அதைக் காணலாம். விசாரணை நடக்கும்போதே பிரதான ஆசாரியன் அனனியா அவரை வாயில் அடிக்கக் கட்டளையிடுகிறான். வெள்ளையடித்த சுவர் என்று பவுல் சீறுகிறார். அவன் பிரதான ஆசாரியன் என்று அருகில் நின்றவர்கள் சொன்னதும், அது தனக்குத் தெரியாது என்று சொல்லி, ஜனத்தின் அதிபதியைத் தூஷிக்கலாகாது என்ற யாத்திராகமச் சட்டத்தை அவரே எடுத்துக்காட்டுகிறார். இதைக் கிண்டலாக வாசிப்பவர்களும் உண்டு. எப்படி வாசித்தாலும், நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக அடிக்கச் சொன்னான் என்ற குற்றச்சாட்டை அவர் திரும்பப் பெறவில்லை. விட்டுக்கொடுத்தது வசைச்சொல்லை மட்டுமே. ஆட்சியாளன் ஏரோதை நரி என்று இயேசு அழைத்ததை வசைக்கு அனுமதிச் சீட்டாகக் காட்டுபவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

கனத்தின் அன்றாட வடிவம் ஜெபம். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள யாவருக்காகவும் வேண்டுதல் செய்யும்படி தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் புத்தி சொல்கிறது. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில், ஆளுகிறவர்களுக்கு ஆரோக்கியமும் சமாதானமும் கேட்கும் ஒரு நீண்ட ஜெபம் இருக்கிறது. கட்சிக்காரரைப் போல வெற்றிக்காக வேண்டிக்கொள்வதோ, எதிரியைப் போலச் சபிப்பதோ சபையின் வேலையாக அங்கே காணப்படவில்லை.

கனத்துக்கு எல்லையும் உண்டு. இரண்டாம் நூற்றாண்டில், சிமிர்னாவின் முதிய பேராயர் பொலிக்கார்ப்பிடம், பேரரசரின் காவல்தெய்வத்தின் பெயரால் ஆணையிட்டுக் கிறிஸ்துவைப் பழிக்கும்படி ரோம ஆளுநர் வற்புறுத்தினார். பொலிக்கார்ப் மறுத்தார். அதே விசாரணையில், அதிகாரிகளுக்கு உரிய மரியாதை செலுத்தக் கற்றிருப்பதால் ஆளுநருக்கு விளக்கம் தரத் தயார் என்றும் சொன்னார். கூச்சலிட்ட கூட்டத்துக்கு விளக்கம் சொல்ல அவர் விரும்பவில்லை. மரணத் தீர்ப்பு தரப்போகிறவரிடமும் அந்த மரியாதை குறையவில்லை. வழிபாடு மட்டும் கிடைக்கவில்லை.

அரசனும் சபையின் அங்கமாக இருக்கும்போது நிலைமை இன்னும் கடினம். 390இல் தெசலோனிக்காவில் பேரரசர் தியோடோசியஸின் ஆணையால் ஆயிரக்கணக்கானோர் படுகொலை செய்யப்பட்டனர். மிலான் பேராயர் அம்புரோஸ் இதை ஊரறிய முழங்கவில்லை. பேரரசர் மட்டும் வாசிக்கும்படி தம் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அதில் மரியாதை குறையாமல், தாவீதைப் போல மனந்திரும்பும்படி கேட்டு, அதுவரை அவர் முன்னிலையில் திருப்பலி நிறைவேற்ற இயலாது என்று தெரிவித்தார். தியோடோசியஸ் மனந்திரும்புதலை வெளிப்படையாகவே நிறைவேற்றினார். எல்லா அரசரும் இப்படி இளகுவதில்லை என்பதால் இந்நிகழ்வை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கனத்தைக் கடனாகச் சொல்லும் ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்தால் என்ன நடக்கும் என்பது 1930களின் ஜெர்மனியில் தெரிந்தது. அதிகாரங்களெல்லாம் தேவனால் வந்தவை என்று காட்டி, ஹிட்லருக்குத் துணைநின்ற சபையினர் பலர். அதை எதிர்த்து 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய திருச்சபையினர் வெளியிட்ட அறிக்கையின் ஐந்தாம் பகுதி, பேதுருவின் அதே 2:17இலிருந்து தொடங்குகிறது. நீதியையும் சமாதானத்தையும் காப்பது அரசுக்குத் தேவன் கொடுத்த பணி என்று அது நன்றியோடு ஏற்கிறது. மனித வாழ்வு முழுவதற்கும் தானே ஒழுங்கு என்று அரசு உரிமை கோரினால் அதை நிராகரிக்கிறது. அறிக்கையை முதன்மையாக எழுதிய கார்ல் பார்த், பான் பல்கலைக்கழகப் பேராசிரியராக ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது. பிரமாணமே முடியாது என்று அவர் சொல்லவில்லை; ஒரு கிறிஸ்தவராகத் தம்மால் இயன்ற அளவுக்கு என்ற வரம்பைச் சேர்த்தால் எடுப்பதாகச் சொன்னார். அரசு அந்த வரம்பை ஏற்கவில்லை. 1935இல் அவர் பதவியிழந்து, தாய்நாடான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினார்.